சந்தேகமா, போடாதீர்கள்: சர்க்கரை வந்த பூனைக்கு வீட்டில் இன்சுலின்

பூனைக்குச் சர்க்கரை என்று வெட் (கால்நடை மருத்துவர்) சொன்ன அன்று, ஒரு சின்னப் புட்டி, ஒரு கட்டு சிரிஞ்ச், அடுத்த வாரம் வரச் சொன்ன சீட்டு, இவற்றோடு வீட்டுக்கு வருவீர்கள். இது அந்த இரவில் படிப்பதற்காக எழுதியது. முதலில் ஒரே ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தின்று நடமாடும் பூனைக்கு ஒரு வேளை ஊசி தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அன்று கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், கூடுதலாகச் சிறுநீர் போகும், அவ்வளவுதான். அதே ஊசி இரண்டு தடவை இறங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். ஆகவே போட்டோமா இல்லையா, மருந்து உள்ளே போனதா இல்லையா, சாப்பிட்டதா இல்லையா என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்த வேளை ஊசியைப் போடாதீர்கள். வெட்டுக்கு ஃபோன் செய்யுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்கான வழிகள்தான்.

நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் அம்மா அப்பாவோடு ஒரு பிளாட்டில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எங்கள் பூனை செம்பன், செந்நிற ஆண், குட்டியிலேயே கருத்தடை செய்தவன், ஒன்பது வயது, ஒரு காலத்தில் ஏழு கிலோ. பூனைகளுக்கு வரும் சர்க்கரை பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகையைப் போன்றது. வயதான, பருத்த, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு அதிகம் வரும். செம்பன் அந்த விவரிப்புக்கு அப்படியே பொருந்தினான். நன்றாகத் தின்றுகொண்டே இளைத்தான், தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை, மணல் தட்டில் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போயின. பின்னங்கால் குதி தரையில் படும்படி தாழ்ந்து நடக்க ஆரம்பித்ததும் அம்மாதான் முதலில் கவனித்தார். அது சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்படுவதன் அடையாளம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சில மாதங்களில் பெரும்பாலும் தேறிவிடும், கலங்க வேண்டாம்.

பூனைகளுக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறும். கூடையில் அடைத்து, காடியில் ஏற்றி, நாய் குரைக்கும் கிளினிக்கில் உட்கார வைத்து எடுக்கும் ஒரே ஒரு ரத்தச் சோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃபுருக்டோசமீன் என்ற சோதனையும் எடுப்பார்கள், அது கடந்த ஒன்றிரண்டு வாரத்தின் சராசரியைக் காட்டும். அதோடு சிறுநீர்த் தொற்று, பல் நோய் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவை இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பூனைக்கு அரிப்புக்காக எப்போதாவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டே சர்க்கரையைக் கிளப்பிவிடக்கூடியது.

புட்டியும் சிரிஞ்சும் ஜோடி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கணக்குத் தெரியாமல் நடக்கும் விபத்துகள் இங்கேதான் அதிகம்.

பூனைக்குப் பயன்படும் இன்சுலின் ஒன்றல்ல. கேனின்சுலின், புரோஸிங்க் இரண்டும் விலங்குகளுக்கென்றே செய்தவை. இவை யூ-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். லேன்டஸ் என்ற பெயரில் கிடைக்கும் கிளார்ஜின் மனிதர்களுக்கானது. அது யூ-100, ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. வழக்கமாக யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் உடம்பில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் படியுங்கள். யூ-100 மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஒன்றல்ல, இரண்டரை யூனிட். மாற்றிச் செய்தால், அதாவது யூ-40 மருந்தை ஆரஞ்சு மூடியில் ஒரு கோடு இழுத்தால், போவது 0.4 யூனிட்தான், பூனை தேறாது, மருந்து பத்தவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவீர்கள், பிறகு யாராவது சரியான சிரிஞ்சை வாங்கி வரும் நாளில் ஆபத்து வரும்.

செம்பனுக்குக் கேனின்சுலின். எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது: அப்பாவுக்கும் சர்க்கரை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். ஆகவே உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) கொடுத்த இன்சுலின் பேனா ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். பூனையின் மருந்து தீர்ந்துபோன இரவில் அந்தப் பேனாவின் மேல் கண் போகும். போகவே கூடாது. அப்பாவுடைய மிக்ஸ்டார்ட் வேறு வேகத்தில் வேலை செய்யும் கலவை. பேனாவில் பெரும்பாலும் முழு யூனிட்டாகத்தான் திருப்ப முடியும், பூனைக்கோ அரை யூனிட்டே பெரிய வித்தியாசம். நாங்கள் செம்பன் மருந்துக்கு மூடி போட்ட ஒரு நீல டப்பா வாங்கி, சிவப்பு மூடிச் சிரிஞ்சுகளையும் அதிலேயே வைத்தோம். அப்பாவின் பேனா மேல் தட்டில், டப்பா கீழ்த் தட்டில். ஒரே தட்டில் ஒரு நாளும் வைப்பதில்லை.

அப்பாவின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயம், சிறுகுறிஞ்சான் என்றும் வருவார்கள். அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள். பூனைகளுக்கென்று சர்க்கரை மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 டிசம்பரில் அனுமதி கொடுத்தது, அடுத்த ஆண்டு வெலகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்துக்கும் கொடுத்தது. ஆனால் அவை ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு மாற்று அல்ல. அப்படி மாற்றுவதில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) நஞ்சேறும் ஆபத்து உண்டு.

குளிர், வெயில், 42 நாள்

இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம். திறந்து மூடும்போதெல்லாம் நம் ஊர் வெக்கை முதலில் அடிப்பது அங்கேதான். பின்சுவரில் ஒட்டியும் வேண்டாம், சில ஃபிரிட்ஜில் அங்கே உறைந்துவிடும். ஒரு தடவை உறைந்த இன்சுலின் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். கேனின்சுலின் புட்டியைத் திறந்தால் 42 நாள்தான் கணக்கு. திறந்த தேதியைப் புட்டியின் மேல் மார்க்கரில் எழுதுங்கள். செம்பன் அளவுக்கு ஒரு புட்டி தீர்வதற்குள்ளேயே தேதி முடிந்துவிடும், பாதிக்கு மேல் மருந்தைத் தூக்கிப்போட வயிறு எரியும். இருந்தாலும் போட்டுவிடுங்கள். பழைய மருந்து சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. புதுப் புட்டி திறந்த அன்று பழைய அளவே திடீரென்று அதிகமாகிவிடும்.

காடியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பயணத்தில் ஐஸ் பெட்டியில் கொண்டுபோனால் ஐஸுக்கும் புட்டிக்கும் நடுவே துண்டு சுற்றுங்கள்.

ஊசி போடும் விதம்

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஊசி போட்ட பிறகு பூனை கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டால், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

கேனின்சுலின் பால் போலக் கலங்கலாக இருக்கும், அடியில் படியும். லேபிளில் சொன்னபடி நன்றாகக் குலுக்கி, எல்லா இடமும் ஒரே வெண்மையான பிறகு, நுரை அடங்கும்வரை விடுங்கள். இது கேனின்சுலினுக்கு மட்டும். புரோஸிங்க்கை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், அதைக் குலுக்கவே கூடாது. அது கலங்கிப்போனால் பயன்படுத்தக் கூடாது.

சிரிஞ்சை இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். யூ-40-இல் ஒரு யூனிட் என்பது 0.025 மில்லி. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்தால் பாதி மருந்தின் இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். குமிழி தெரிந்தால் மருந்தைப் புட்டிக்குள்ளேயே திருப்பித் தள்ளி மறுபடி இழுங்கள். கண் மங்கலாக இருக்கும் பெரியவர்கள் போடுவதாக இருந்தால் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வையுங்கள். அம்மா அப்படித்தான் பார்க்கிறார். அவருக்குக் கோடு தெளிவாகத் தெரியாத நாளில் போட வேண்டாம் என்று நாங்களே பேசி வைத்திருக்கிறோம்.

பிடரியில்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மருந்து மெதுவாகவும் ஒரே மாதிரி இல்லாமலும் உறிஞ்சப்படும். விலாப் பக்கமும் இடுப்புக்கு முன்னுள்ள பக்கவாட்டும் நல்லது. காலையில் இடது, மாலையில் வலது என்று மாற்றிக்கொண்டே இருங்கள். செம்பன் வாஷிங் மெஷின் மேல் விரித்த துண்டில் சாப்பிடுவான். கிண்ணம் காலியாகும் நேரத்தில், நக்கிக்கொண்டிருக்கும்போதே, இடது கை விரல்களால் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, கூடாரத்தின் அடியில் உடம்புக்கு இணையாகச் சாய்த்து ஊசியை நுழைக்கிறேன். முழுவதும் தள்ளி, ஒரு மூச்சு விட்டு எடுக்கிறேன். ஊசி மிக மெல்லியது. அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பயப்படுவது நம் கைதான். வெட் முன்னால் வெறும் உப்புநீரை வைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு தடவை அங்கேயே போட்டுப் பாருங்கள்.

கூடாரத்தின் மறுபக்கம் ஊசி வெளியே வந்து, மருந்து முடியில் சிந்திவிடுவது உண்டு. போட்ட இடத்தைத் தடவினால் ஈரமாக இருக்கும், மருந்துவாடை அடிக்கும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மேலே போடாதீர்கள். கொஞ்சமும் உள்ளே போகவில்லை என்று உறுதியாகத் தோன்றினாலும் மேலே போடாதீர்கள்.

சிரிஞ்சை ஒரு தடவை பயன்படுத்திவிட்டு எறியுங்கள், ஆனால் குப்பைப் பையில் அல்ல. தடித்த சலவைத் திரவ டப்பா ஒன்றில் போட்டு மூடி, நிறைந்ததும் கிளினிக்கில் கேட்டு ஒப்படையுங்கள். குப்பை தூக்க வருகிறவர் கையில் அது குத்தக் கூடாது.

மாற்றி மாற்றிப் போடும் வீடு

ஊசி பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பகல் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஆறே காலுக்கு நான் பஸ் பிடிக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் மாலை ஆறே காலுக்கு. எனவே எங்கள் வீட்டு நேரம் காலை 5:45, மாலை 5:45. எந்த வாரமானாலும் ஒரு ஊசி என்னுடையது, மற்றது அம்மாவுடையது. நீங்களும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்காமல், வீட்டில் கட்டாயமாக ஒருவர் இருக்கும் இரண்டு நேரங்களைப் பார்த்துக் குறியுங்கள். அரை மணி முன்பின் ஆனால் குடி முழுகாது. மணிக்கணக்காகத் தள்ளிப்போனால் வெட்டிடம் கேளுங்கள்.

இருவர் போடுகிற வீட்டில்தான் இரட்டை ஊசி விழும். “நீ போட்டாயா?” “நீங்க போட்டிருப்பீங்கனு நினைச்சேன்” என்ற பேச்சே எழக்கூடாது. ஞாபகத்தை நம்பவே வேண்டாம், தினமும் செய்கிற வேலையில் நேற்றைய ஞாபகமும் இன்றைய ஞாபகமும் ஒன்றாகிவிடும். தொழிற்சாலையில் ஒரு கட்டம் முடிந்ததா என்று யாரையும் கேட்க மாட்டோம், தட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாரக் கணக்குக்கான பதினான்கு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி போல, பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் ஏழு நாள், காலை மாலை என்று அறை எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு அறையிலும் ஒரு காலி சிரிஞ்ச் வைக்கிறேன். காலி சிரிஞ்ச்தான், மருந்தை முன்கூட்டியே இழுத்து வைக்கக் கூடாது. இன்று மாலை அறையில் சிரிஞ்ச் இல்லை என்றால் ஊசி போட்டாயிற்று, முடிந்தது, வேறு விசாரணை கிடையாது. தட்டு தவிர வேறு எங்கிருந்தும் சிரிஞ்ச் எடுப்பதில்லை என்பது இதற்குக் கட்டாயமான துணை விதி. எடுத்தவர் பக்கத்துச் சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளில் நேரம், அளவு, தின்ற அளவு மூன்றையும் எழுதிக் கையெழுத்திடுகிறார். தாளைக் கிழிக்கும் உரிமை அப்பாவுக்கு. கிழித்ததை ஒரு கிளிப்பில் சேர்க்கிறார். வெட்டிடம் போகும்போது அந்தக் கட்டுதான் எங்கள் பதிவேடு.

பாதி தின்றால் என்ன செய்வது என்பதை முதல் நாளே வெட்டிடம் எழுதி வாங்குங்கள்: எவ்வளவு தின்றால் முழு அளவு, எவ்வளவு தின்றால் பாதி, எப்போது ஒன்றும் வேண்டாம் என்று. சுத்தமாகத் தின்னவில்லை அல்லது தின்றதை வாந்தி எடுத்துவிட்டது என்றால் ஊசி வேண்டாம், ஃபோன் போடுங்கள். அதே சமயம் “போடாதே” என்பது நாள்கணக்குக்கு நீளும் விதி அல்ல. அடுத்தடுத்து இரண்டு வேளை தின்னாமல், சோர்ந்து, வாந்தியும் இருந்தால் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனைச் சேர்க்கும், அது ரத்தத்தை அமிலமாக்கும். மூச்சில் அழுகிய பழம் போன்ற வாடை வரலாம். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள் ஃபார்மசியில் கிடைக்கும், ஒரு டப்பா வாங்கி வையுங்கள்.

சர்க்கரை இறங்கிவிட்டால்

இதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள், ஊசி போடாதவர்களுக்கும், விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கும். ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்து, மருந்தின் வேகம் உச்சத்தில் இருக்கும்போதுதான் சர்க்கரை அதிகம் இறங்கும். அறிகுறிகள்: திடீர்ப் பசி, தடுமாற்றம், குடித்தவர் போல நடை, வெறித்த பார்வை, நடுக்கம், கூப்பிட்டால் திரும்பாத மந்தம், பிறகு வலிப்பு, மயக்கம். சில பூனைகள் சும்மா ஒரு மூலையில் ஒடுங்கிக்கொள்ளும், அதுவே ஒரே அடையாளமாக இருக்கலாம்.

பூனை தன்னால் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு வையுங்கள். இந்த ஒரு தடவை மாவுச்சத்து உள்ள பிஸ்கட்டும் நல்லதுதான். தின்னாவிட்டால், அல்லது தள்ளாடினால், தேனையோ குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் குழைத்தோ விரலில் எடுத்து ஈறில் தேயுங்கள். வலிப்பில் இருந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பல்லுக்கு நடுவே விரலையும் விடாதீர்கள். உதட்டை ஒதுக்கி ஈறின் வெளிப்பக்கம் தேய்த்துவிட்டு, துண்டில் சுற்றி, கிளினிக்குக்குக் கிளம்புங்கள். சர்க்கரை இல்லாத இனிப்புப் பொருள் எதுவும் இங்கே உதவாது. அப்பாவின் காப்பிக்கு வாங்கியதை அவசரத்தில் எடுத்துவிடாதீர்கள்.

பூனை எழுந்து உட்கார்ந்ததும் பிரச்சினை முடிந்தது என்று எண்ணாதீர்கள். தேன் சில நிமிடம்தான் தாங்கும், இன்சுலின் இன்னும் பல மணி நேரம் உள்ளே இருக்கும். எழுந்த பூனைக்கு உடனே சாப்பாடு கொடுத்து, கால் மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்து, வெட் போதும் என்று சொல்லும்வரை கூடவே இருங்கள். அடுத்த ஊசி வெட் சொன்ன பிறகுதான்.

தேன் புட்டி எங்கள் வீட்டில் மூன்று இடத்தில் இருக்கிறது: ஃபிரிட்ஜ் மேல், படுக்கை அறையில், பயணக் கூடையில். இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று முதல் வாரத்திலேயே விசாரித்து, எண்ணைக் கதவில் ஒட்டிவிடுங்கள். தைப்பூசத்தன்று வெள்ளி ரதமும் தங்க ரதமும் வரும் நேரத்தில் ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலை வரை சாலைகள் மூடிவிடும். பெருநாள் நேரத்தில் பாலத்தில் காடிகள் நகராது. அந்த நாட்களுக்கு எந்தப் பக்கம் போவது என்று முன்பே யோசித்து வையுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் செம்பன் அலமாரிக்குள் ஒளிந்துகொள்வான், சாப்பிட வரமாட்டான். சாப்பிடாததால் ஊசி இல்லை, அன்று சர்க்கரை கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டுவிடுகிறோம். வெடி அடங்கிய பிறகு வந்து தின்றாலும் இடையில் ஊசி கிடையாது, அடுத்த 5:45-க்குத்தான்.

காதோரம் ஒரு சொட்டு

வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். கிளினிக்கில் பயத்தோடு எடுத்த எண்ணைவிட, வீட்டில் வாஷிங் மெஷின் மேல் எடுத்த எண்தான் உண்மைக்குப் பக்கம். காதின் ஓரத்தில் மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று ஓடும். வெதுவெதுப்பான ஈரத்துணியைக் காதில் வைத்துச் சூடாக்கி, துடைத்து, மெல்ல வாஸலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். பின்னால் ஒரு பஞ்சை வைத்துக் குத்துங்கள், இல்லாவிட்டால் ஊசி உங்கள் விரலுக்குள் வந்துவிடும். குத்திய பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிடித்த தீனி ஒரு துண்டு கொடுங்கள். மாவில்லாத தீனியாக இருக்கட்டும், வேகவைத்த கோழி போதும்.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆல்ஃபாட்ராக் போன்ற மீட்டர்களில் பூனைக்கென்றே கணக்கு உண்டு. அப்பாவின் மீட்டரைத்தான் பயன்படுத்துவதாக இருந்தால் வெட்டிடம் அதைச் சொல்லி, எப்போதும் அதே மீட்டரையே பயன்படுத்துங்கள். மனிதர்கள் கையில் ஒட்டும் ஃபிரீஸ்டைல் லிப்ரே சென்சரைப் பூனையின் பக்கவாட்டில் முடி மழித்து ஒட்டுவதும் உண்டு. 14 நாள் வரை எண் காட்டும், பூனைகள் அதற்கு முன்பே பிய்த்து எடுத்துவிடுவதும் உண்டு. அது மிகத் தாழ்ந்த எண்ணைக் காட்டினால் காதில் குத்தி ஒரு தடவை உறுதி செய்யுங்கள். பூனை தள்ளாடினால் உறுதி செய்யக் காத்திருக்காமல் தேனை எடுங்கள்.

எண்களுக்கு வருவோம், எல்லாம் நம் ஊர் மில்லிமோல் (mmol/L) கணக்கில். பூனைக்குச் சர்க்கரை 14 முதல் 16-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் கசியும். ஆகவே நாளின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருந்து, மிகத் தாழும் நேரத்தில் 5-க்கும் 8-க்கும் நடுவே நின்றால் நல்ல கட்டுப்பாடு. நாள் முழுக்க 6-இல் நிற்க வைக்க முயலாதீர்கள், அந்த ஆசைதான் பூனையைக் கீழே தள்ளிவிடும். எங்கள் வெட் எனக்குப் போட்டுத் தந்த கோடு இது: ஊசிக்கு முன் 11-க்குக் கீழே இருந்தால் கேட்காமல் போடக் கூடாது, எந்த நேரத்திலும் 4-க்குக் கீழே வந்தால், பூனை நன்றாகத் தெரிந்தாலும் சாப்பாடு வைத்துவிட்டு அழைக்க வேண்டும். உங்கள் மருந்துக்கும் மீட்டருக்கும் ஏற்றபடி உங்கள் கோட்டை உங்கள் வெட் சொல்லட்டும்.

பெரும்பாலான பூனைகள் ஒரு வேளைக்கு ஒரு யூனிட் அளவில் தொடங்கும். தொடங்கிச் சில நாள் எண்கள் 20-க்கு மேலேயே நிற்கும், மனசு கிடந்து அடிக்கும். பொறுத்திருங்கள். உடம்பு ஓர் அளவுக்குப் பழக ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். அதற்குள் கூட்டக் கூடாது. கூட்டினாலும் அரை யூனிட் அல்லது ஒரு யூனிட்தான், அதுவும் வெட் சொல்லி. அதற்காக ஒரு நாள் முழுக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்த்து வரைபடம் போடச் சொல்வார்கள். விடுமுறை நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். குறைக்க வேண்டிய அவசரம் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே அழையுங்கள்.

எண் தவிர, வாரம் ஒரு தடவை எடை பாருங்கள்: பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, நீங்கள் மட்டும் ஒரு தடவை நின்று கழித்துக்கொள்ளலாம். தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து எழுதுங்கள். இளைத்தவன் எடை ஏறி, தண்ணீர் குறைந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

கிண்ணத்தில் என்ன

பூனை மாமிசம் தின்னும் உயிர், மாவு அதற்குத் தேவையில்லை. நாங்கள் ஆண்டுக்கணக்காகப் பிஸ்கட்டும், மார்க்கெட்டில் வாங்கிய மீனை அவித்துச் சோற்றில் பிசைந்ததும்தான் கொடுத்தோம், இங்கே பல வீடுகளில் அப்படித்தான். பிஸ்கட் பெரும்பாலும் மாவு கூடியது, சோறு முழுக்க மாவு. மாவு குறைந்த டின் உணவுக்கு மாறினாலே சில பூனைகளுக்குச் சர்க்கரை நன்றாக இறங்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: சாப்பாட்டை மாற்றிய அதே வாரத்தில் பழைய அளவு இன்சுலின் அதிகமாகிப்போகலாம். இன்சுலின் தொடங்கிய பிறகு சாப்பாட்டை மாற்றுவதானால் முதலில் வெட்டிடம் சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், அந்த நாட்களில் காதில் அடிக்கடி பாருங்கள். பருத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள். நாள்கணக்கில் தின்னாத பூனையின் ஈரலில் கொழுப்பு படியும், அது சர்க்கரையைவிட வேகமாகக் கொல்லும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னல் வழியாக மீன் கொடுப்பதாக இருந்தால் அவரிடமும் போய் நேரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஊசி தேவைப்படாமல் போகும் நாள்

இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. சில பூனைகளுக்கு, குறிப்பாகச் சீக்கிரம் கண்டுபிடித்து, மாவைக் குறைத்து, ஒழுங்காக இன்சுலின் போட்டால், சில வாரங்களிலோ மாதங்களிலோ கணையம் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். நல்ல செய்திதான், ஆனால் அது அறிவிப்பு கொடுத்து வராது. நேற்று வரை சரியாக இருந்த ஒரு யூனிட் இன்று அதிகமாகிவிடும். முதல் சில மாதங்களில் ஒவ்வோர் ஊசிக்கு முன்பும் காதில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். செம்பனுக்கு ஒரு காலை ஊசிக்கு முன்பே 6.2 வந்தது. போடவில்லை. கிளினிக் திறந்ததும் அழைத்தேன், அளவைப் பாதியாக்கினார்கள், பிறகு ஒரு வேளையை நிறுத்தினார்கள், கடைசியில் முழுவதும் நிறுத்தினார்கள். நாமாக நிறுத்துவதும் இல்லை, நாமாகத் தொடங்குவதும் இல்லை.

நின்ற பிறகும் சர்க்கரை திரும்பி வரலாம். வாரம் ஒரு தடவை காதில் பார்ப்பதையும், எடையையும், மாவு குறைந்த சாப்பாட்டையும் விடாதீர்கள். எந்தப் புது வெட்டிடம் போனாலும், என்ன காரணத்துக்குப் போனாலும், இது சர்க்கரை வந்து தேறிய பூனை, ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் கேளுங்கள் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் திறந்த புட்டியை இன்னொருவர் பூனைக்கு உதவட்டும் என்று கொடுத்துவிடாதீர்கள். தேதி முடிந்ததும் சிரிஞ்ச் டப்பாவோடு சேர்த்துக் கிளினிக்கில் ஒப்படைத்துவிடுங்கள்.